பெருங்குடலுக்கும் சேர்த்துச் சமையுங்கள்

சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ட்ரைகிளிசரைடு கூடியிருக்கிறது என்று பரிசோதனை அறிக்கை வந்த மறுநாளே பலரும் ஒரு பொடியையோ மாத்திரையையோ தேடத் தொடங்குகிறார்கள். நாவல்கொட்டைப் பொடி, வெந்தயப் பொடி, மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ மாத்திரை என எல்லாமே கடையில் கிடைக்கின்றன. தாவரங்களில் நல்லது செய்யும் வேதிப்பொருள்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. அவை பெருங்குடல்வரை போகின்றன. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சிதைத்துக் கொடுத்த பிறகுதான் உடலுக்குப் பயன்படுகின்றன. அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தினமும் தீனி போடாமல் மேலே ஒரு ஸ்பூன் பொடியை மட்டும் தூவினால் பெரிதாக எதுவும் மாறாது. அதனால் இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, பயறு, காய், கீரையின் பங்கைக் கூட்டுங்கள். ஆறு வாரத்தில் படிப்படியாக அதைச் செய்யும் முறை கீழே இருக்கிறது.

இந்தியாவுக்கு இது அவசரமான விஷயம். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணக்கிட்டது. அதே ஆய்வின் 2025 உணவுக் கணக்கில், நம் மக்கள் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. இவை சிறுகுடலிலேயே செரித்து முடிந்துவிடுவதால் பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவு அறிவியல்

நார்ச்சத்தை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவை நாரை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். இந்த அமிலங்கள் குடலின் சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. பசியை அடக்கி, இன்சுலின் சுரக்க உதவும் ஹார்மோன் இது. இன்று எடை குறைக்கப் போடப்படும் செமாக்ளுடைடு ஊசி இதைப் போலத்தான் வேலை செய்கிறது. ஊசியின் வேகம் உணவுக்கு வராது. ஆனால் உணவை ஆயுள் முழுக்கத் தொடரலாம். நாரோடு சேர்ந்து பாலிபீனால் என்ற தாவர வேதிப்பொருள்களும் பெருங்குடலுக்கு வருகின்றன. பயறின் தோல், கேழ்வரகின் சிவப்பு, கத்தரிக்காயின் ஊதா, நெல்லிக்காயின் துவர்ப்பு, சின்ன வெங்காயத்தின் செம்மை எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சேர்மங்கள் இருக்கின்றன. இவற்றையும் பாக்டீரியாக்களே உருமாற்றுகின்றன. மாதுளையிலுள்ள சேர்மத்தை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா சிலர் குடலில் இருக்கிறது, சிலர் குடலில் இல்லை. ஒரே பழம் இருவருக்கு ஒரே பலன் தராததற்கு இது ஒரு காரணம்.

நார் உண்டால் சர்க்கரை குறையும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் உண்டா? உண்டு. சீனாவில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 43 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் பலவகை நார்ச்சத்து நிறைந்த உணவு. பன்னிரண்டு வார முடிவில் நார் உண்டவர்களில் 89 விழுக்காட்டினருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7-க்குக் கீழே இறங்கியது. மற்றவர்களில் 50 விழுக்காட்டினருக்கே இறங்கியது. நாரை நொதிக்கச் செய்யும் குறிப்பிட்ட பாக்டீரியாக்கள் பெருகியவர்களிடம் முன்னேற்றமும் அதிகமாக இருந்தது. இது சிறிய ஆய்வு. ஆனால் 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வும் அதே திசையைத்தான் காட்டுகிறது: நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார் உண்பவர்களிடம் சர்க்கரை நோய், இதய நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன.

தொடங்கும் முன்: யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்

உணவுதானே என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பலன் தரும் அளவுக்கு உணவை மாற்றினால் மருந்தின் கணக்கும் மாறும்.

1. இன்சுலின் போடுபவர்கள், கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள்: சோற்றைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம். அளவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

2. அக்கார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுபவர்கள்: இந்த மாத்திரைகளே வாயுவை உண்டாக்கும், நாரைக் கூட்டும்போது தொல்லை இரட்டிக்கும். மெதுவாகப் போங்கள். தாழ்சர்க்கரை வந்தால் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடியைக் கையில் வைத்திருங்கள்.

3. சிறுநீரக நோய் உள்ளவர்கள்: கீரை, பயறு, வாழைத்தண்டு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. உங்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

4. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள்: கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். எவ்வளவு சாப்பிட்டாலும் தினமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

5. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்: வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். வெந்தயம், இசப்கோல் ஆகியவற்றைப் பல மணி நேரம் தள்ளி எடுங்கள். நார் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

6. குடல் அடைப்பு, குடல் அறுவை, குடல் அழற்சி நோய் இருந்தவர்கள் தாங்களாகத் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத வயிற்றுவலி இருந்தால் முதலில் பரிசோதனை.

ஆறு வாரப் படிகள்

1. கணக்கெடுங்கள் (முதல் வாரத்துக்கு முந்தைய மூன்று நாள்). சாப்பிடுவதையெல்லாம் எழுதிவையுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். பிறகு நாரின் கணக்கைப் போடுங்கள். சமைக்காத 100 கிராம் வெள்ளைப் பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவான நார் இருக்கிறது. துவரம்பருப்பில் சுமார் 9, கேழ்வரகிலும் கம்பிலும் 11, முழுப் பாசிப்பயறில் 17, கருப்புக் கொண்டைக்கடலையில் 25. அப்படியானால் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கொண்டைக்கடலையில் கிடைக்கும் நாரை அரிசியிலிருந்து பெற கால் கிலோவுக்கு மேல் அரிசி சமைக்க வேண்டும். இந்த ஒரு கணக்கு புரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஐசிஎம்ஆர் பரிந்துரை 2000 கலோரி உணவுக்கு 30 கிராம் நார்.

2. பயறைச் சேருங்கள் (முதல் இரு வாரம்). பாசிப்பயறில் தொடங்குங்கள், பயறுகளில் வயிற்றுக்கு இதமானது அதுதான். முதல் வாரம் வெந்த பயறு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டாம் வாரம் அரைக் கிண்ணம். இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, இருமுறை அலசி, புதுத் தண்ணீரில் விரலால் நசுங்கும்வரை வேகவிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். பிறகு தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை என மாறுங்கள். சுண்டலாகவோ குழம்பிலோ கூட்டிலோ சேர்க்கலாம். ராஜ்மாவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும்: அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கவைத்து முழுதாக வேகவிடுங்கள். குக்கரில் வைப்பது நல்லது.

3. காயையும் கீரையையும் இரட்டிப்பாக்குங்கள் (மூன்றாம் வாரம்). ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி நாளுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. அதில் 100 கிராம் கீரை. பல வீடுகளில் இரண்டு கரண்டிப் பொரியலோடு காய் முடிந்துவிடுகிறது. அவரை, கொத்தவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். தோலோடு சமைக்கக்கூடியதைச் சீவ வேண்டாம். பாலிபீனால் அதிகம் இருப்பது தோலில்தான். சாப்பிடும்போது காயையும் பருப்பையும் முதலில் முடித்து, சோற்றைக் கடைசியில் எடுங்கள். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், இந்த வரிசை மாற்றமே உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைத்தது.

4. தானியத்தைக் குறைத்து, மாற்றுங்கள் (நான்காம் வாரம்). குறைப்பது முதலில், மாற்றுவது பிறகு. சோற்றின் அளவை மூன்றில் இரண்டாக்குங்கள். பிறகு ஒரு வேளைக்குக் கைக்குத்தல் அரிசி, கம்பு, கேழ்வரகு, தீட்டாத சாமை அல்லது வரகு. பளிச்சென்று வெளுத்திருக்கும் சிறுதானியத்தைத் தீட்டித் தவிட்டை நீக்கியிருப்பார்கள். மங்கிய நிறத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

5. வகைகளைக் கூட்டுங்கள் (ஐந்தாம் வாரம்). 2018-இல் வெளியான அமெரிக்கக் குடல் ஆய்வுத் திட்டத்தில், வாரத்துக்கு 30 வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிட்டவர்களின் குடலில், 10 வகைக்குள் சாப்பிட்டவர்களைவிடப் பலவகையான பாக்டீரியாக்கள் இருந்தன. பயறு, காய், கீரை, பழம், தானியம், எள், நிலக்கடலை, பூண்டு, வெங்காயம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். தினமும் ஒரே கீரை, ஒரே காய் என்ற பழக்கத்தை உடைப்பதுதான் இந்தப் படியின் நோக்கம்.

6. புளித்த உணவைச் சேருங்கள் (ஆறாம் வாரம்). ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், புளித்த உணவு பாக்டீரியா வகைகளைக் கூட்டி, அழற்சியைக் காட்டும் 19 புரதங்களைக் குறைத்தது. நமக்குக் கைக்கெட்டும் வழி தயிரும் மோரும்தான். இட்லி, தோசை நல்ல உணவுகளே. ஆனால் வேகும்போது மாவிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துவிடும். ஊறுகாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் உப்பு அதிகம்.

குறிப்பு: ஒவ்வொரு படியிலும் தண்ணீரைக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாத நார் மலச்சிக்கலை உண்டாக்கும். வயிறு உப்பினால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்பி, ஒரு வாரம் கழித்து மறுபடி கூட்டுங்கள்.

பழைய சோறு: எவ்வளவு பலன், எவ்வளவு கவனம்

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போகிறது. இதை வைத்துப் பழைய சோறு சர்க்கரையைக் குணமாக்கும் என்று பேசுகிறார்கள். அளவைப் பார்த்தால் உண்மை விளங்கும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான வெள்ளைச் சோறு 100 கிராமில் இந்தச் செரிக்காத மாவு 0.64 கிராம், பத்து மணி நேரம் ஆறியதில் 1.30 கிராம், குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். அதாவது 300 கிராம் சோற்றை ஆறவைத்தால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு முதல் மூன்று கிராம். அரைக் கைப்பிடிப் பயறு இதைத் தந்துவிடும். ஆகவே பழைய சோறு நல்ல காலை உணவு, சூட்டுச் சோற்றைவிட மேல். ஆனால் அளவில்லாமல் சாப்பிட அது அனுமதிச் சீட்டு அல்ல.

பாதுகாப்பு இன்னும் முக்கியம். அரிசியிலிருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்:

1. வடித்த சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டு, காய்ச்சி ஆற்றிய தண்ணீரை ஊற்றி மூடுங்கள்.

2. மறுநாள் காலையே சாப்பிட்டுவிடுங்கள். கோடையில் நீண்ட நேரம் வெளியே வைக்காதீர்கள்.

3. இழை ஓடினாலும் கெட்ட வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் சோற்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதல் தவறு வேகம். முதல் நாளே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையைச் சாப்பிட்டு, வயிறு உப்பி, எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாரைக் கையாளும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். வெங்காயம், பூண்டு, பயறு சிறிதளவு எடுத்தாலே வலி வருமென்றால் அது குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம்; மருத்துவரைப் பாருங்கள். இரண்டாம் தவறு, பழத்தைச் சாறாக்கி வடிகட்டுவது: நார் வடிகட்டியில் தங்கிவிடும், சர்க்கரை டம்ளரில் இறங்கிவிடும். மூன்றாம் தவறு, சோற்றைக் குறைக்காமல் மேலே சுண்டலைச் சேர்ப்பது. கலோரி கூடும், எடை ஏறும். நான்காம் தவறு, சத்துமாவுக் கஞ்சியை நம்பி இருப்பது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய தானியம் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். முழுதாகவோ உடைத்தோ வேகவைப்பது மேல். ஐந்தாம் தவறு, சோற்றோடு சேர்த்தே டீ குடிப்பது: டீயின் டானின் இரும்புச்சத்தைத் தடுக்கும், ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஆறாம் தவறு, சளி, காய்ச்சலுக்கெல்லாம் மருந்துக்கடையில் தாங்களாக ஆன்டிபயாடிக் வாங்குவது. ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாக்களை அது சில நாளில் குலைத்துவிடும்.

எழும் மறுப்புகள்

"தாவரச் சேர்மம்தான் நல்லது என்றால் அதைப் பிரித்தெடுத்து மாத்திரையாகச் சாப்பிட்டால் என்ன?" நியாயமான கேள்விதான். பிரித்தெடுத்தால் அளவு பன்மடங்காகிறது, நார் காணாமல் போகிறது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு, மிளகிலுள்ள பைப்பரின் மஞ்சளின் குர்குமின் உறிஞ்சப்படுவதை சுமார் 20 மடங்கு கூட்டுவதாகக் கண்டது. அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே கேப்சூலில் சேர்த்தன. பிறகு இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிப்பு பதிவானது. கிரீன் டீயின் முக்கியச் சேர்மத்தை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராம் எடுப்பது கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. குடல் பாக்டீரியா அதை உருமாற்றிய பிறகே அது நன்றாக உறிஞ்சப்படுகிறது என்பதும் தெரியும். ஆனால் அது பல மருந்துகளோடு மோதும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குழம்பில் போடும் கால் ஸ்பூன் மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை.

"நம் முன்னோர் மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டார்கள்?" அவர்களில் பெரும்பாலோர் நாள் முழுக்க உடலால் உழைத்தார்கள், தானியம் உலக்கையில் குத்தப்பட்டதால் தவிடு கொஞ்சம் மிஞ்சியது, கம்பும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்தன. அவர்கள் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் உழைப்பை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

"பாக்டீரியாதான் காரணம் என்று நிரூபித்தாகிவிட்டதா?" முழுதாக இல்லை, அதை ஒளிக்கத் தேவையும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், ஒல்லியானவர்களின் மலத்திலிருந்த பாக்டீரியாக்களை உடல் பருத்தவர்களுக்குச் செலுத்தியபோது, ஆறு வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. அதே குழுவின் அடுத்த ஆய்வில் 18 வாரத்துக்குள் அந்தப் பலன் மறைந்தது. பாக்டீரியாவுக்கும் சர்க்கரைக்கும் உறவு உண்டு என்பதை முதல் முடிவு காட்டுகிறது. தட்டு மாறாமல் பாக்டீரியாவை மட்டும் மாற்றினால் நிலைக்காது என்று கருத இரண்டாம் முடிவு இடம் தருகிறது. ஒருவேளை நாரின் பலனில் பாதி வேறு வழியில் வருகிறது என்றே நாளை தெரிந்தாலும், பயறும் காயும் சாப்பிட்டவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

பலனை அளக்கும் முறை

1. தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, எச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு நான்கையும் எழுதிவையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பு எச்சரிக்கை எல்லை.

2. குளுக்கோமீட்டர் இருந்தால், ஒரே உணவைப் பழைய முறையில் ஒரு நாள், புதிய முறையில் ஒரு நாள் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவுக்குச் சர்க்கரையை ஏற்றியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை.

3. எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆறு வாரத்தில் அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் எடுங்கள்.

4. அந்த அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள். மருந்தைக் குறைக்கலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இதற்கெல்லாம் செலவு குறைவு. கிடைக்காத பொருளும் எதுவும் இல்லை. மளிகைக் கடையில் உள்ள பயறும் சந்தையில் வரும் கீரையும் போதும். பொடிக்கும் மாத்திரைக்கும் ஒதுக்கிய பணத்தைக் காய்கறிக்குக் கொடுங்கள். மூன்று நாள் கணக்கு முடிந்த இரவே கொஞ்சம் பாசிப்பயறைக் கழுவி ஊறவைத்துத் தொடங்குங்கள். அடுத்த வாரம் அளவைக் கூட்டலாம்.